இமைமுடி ஒட்டும் வேலையைக் கண்ணாடி முன்னால் தனியாகச் செய்யச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் மகளிர் பக்கத்தில், பார்லருக்குப் போகாமல் வீட்டிலேயே ஐலேஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இயற்கை இமைமுடியோடு செயற்கை முடியை ஒட்டி நீட்டுவது, செய்துகொள்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆன்லைனில் ஒரு செட் வாங்குங்கள், கண்ணாடி முன்னால் உட்காருங்கள், ட்வீசரால் முடியை எடுத்துப் பசையில் தொட்டு இமையோரத்தில் வையுங்கள், ஆயிரக்கணக்கில் மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில், ‘பசை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீளமாகத்தான் போகும். வெளியிட இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் முழுவதையும் படித்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அப்புறம் ஓர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பார்வை சோதிப்பது, கண்புரை முகாமுக்கு வயதானவர்களை அழைத்துப்போவது, கதிர் அடிக்கும்போது கண்ணில் நெல் உமி விழுந்தவர்களை உட்கார வைத்துக் கழுவி டாக்டரிடம் அனுப்புவது, இதுதான் என் காலம் முழுக்கச் செய்த வேலை. எங்கள் தெருவில் இன்றைக்கும் யாருக்குக் கண் உறுத்தினாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். முன்பெல்லாம் உமி, வெல்டிங் பொறி, தீபாவளிப் பட்டாசு என்று வருவார்கள். இப்போது அந்த வரிசையில் இமைமுடிப் பசையும் சேர்ந்துவிட்டது.

பார்லரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வீட்டில் செய்வதில் என்ன கோளாறு என்பது புரியும். முறையாகப் பயிற்சி பெற்றவர் என்றால், வந்தவரை முதலில் படுக்க வைப்பார். கீழ் இமையின் முடிகள் மேலே வந்து ஒட்டாதபடி, கண்ணுக்கு அடியில் மெல்லிய ஜெல் பட்டையை ஒட்டி அவற்றை மூடிவிடுவார். அதற்கப்புறம் வேலை முடிகிறவரை, ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, இரண்டு கண்ணும் மூடியே இருக்க வேண்டும். ஒரு கையில் இருக்கும் ட்வீசரால் நம்முடைய இயற்கை முடியில் ஒன்றே ஒன்றை மட்டும் பிரித்துப் பிடித்து, மறு கையில் இருக்கும் ட்வீசரால் செயற்கை முடியைப் பசையில் தொட்டு, அந்த ஒற்றை முடியின் மேல் ஒட்டுவார். தோலில் ஒட்டக் கூடாது. இமை விளிம்பிலிருந்து துளியாவது இடைவெளி விட்டுத்தான் ஒட்டுவார்கள். மேல் இமையில் மட்டுமே நூறு, நூற்றைம்பது முடிகள் இருக்கும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

இதே வேலையை ஒரு பெண் தனக்குத்தானே செய்துகொள்ளப் பார்த்தால், கண்ணை மூடிக்கொள்ள வழியே இல்லை. மூடினால் கண்ணாடியில் என்ன தெரியும்? ஒட்டுகிற கண்ணை அரைவாசியாவது திறந்து, இமையைக் கீழே தாழ்த்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ட்வீசரின் கூர்முனையை விழிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். கையைத் தூக்கியே வைத்திருப்பதால் நடுங்கும். பசை வாடை பட்டதும் கண்ணில் நீர் கோக்கும், நீர் கோத்ததும் தானாக இமைக்கும். ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியவர் இதையெல்லாம் யோசிக்கவில்லை. கவனமாக இருந்தால் தப்பிக்கலாம் என்கிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. கண் மூடியிருக்கும்போது இன்னொருவர் செய்வதற்கென்று உருவான முறை இது. மூடிய கண்தான் இதில் இருக்கிற முதல் பாதுகாப்பு, அதை எடுத்துவிட்டுத்தான் வீட்டு வேலையே ஆரம்பிக்கிறது.

அடுத்தது பசை. இமைமுடி நீட்டிப்புக்குப் பயன்படுவது சயனோஅக்ரிலேட் வகைப் பசை. வீட்டில் அறுந்த செருப்பையும் உடைந்த பொம்மையையும் ஒட்டுகிறோமே ஃபெவிக்விக், அதுவும் இந்தக் குடும்பம்தான். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை, ஈரம் பட்டு இறுகுகிறது. காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். அப்படியிருக்க, எப்போதும் கண்ணீர்ப் படலம் பூசியிருக்கிற விழியின் மேல் ஒரு துளி விழுந்தால் என்ன ஆகும்? விழுந்த இடத்திலேயே, துடைக்க நேரம் கொடுக்காமல், கெட்டியாகிவிடும். அந்தத் துணுக்கு சொரசொரப்பாக மேல் இமைக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கருவிழி நடுப்பகுதியில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதன் மேல் தோல் அதில் பத்தில் ஒரு பங்கு. உடம்பில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், வலி தாங்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இந்தப் பசை பருத்தியில் பட்டால் வேகமாக இறுகும். இறுகும்போது சூடு கிளம்பும், சில சமயம் புகையே வரும். பசை வழிந்துவிட்டது என்று பதறிப்போய்ப் பஞ்சை எடுத்துத் துடைப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் காரியம். அது இமைத் தோலைச் சுட்டுவிடக்கூடும்.

விழியில் படாவிட்டாலும் ஆவி படும். எங்கள் ஊரில் மின்விசிறி இல்லாமல் யாரும் பத்து நிமிஷம் உட்கார மாட்டோம். மேலே ஃபேன் சுற்ற, கதவைச் சாத்திக்கொண்டு, மூக்குக்கு மேலேயே பசையைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த ஆவி நேராக முகத்துக்கும் கண்ணுக்கும்தான் போகும். மறுநாள் காலையில் கண் கோவைப் பழமாகச் சிவந்து நிற்கும். சயனோஅக்ரிலேட் சிதையும்போது ஃபார்மால்டிஹைட் வெளிவரும். 2018-இல் மீனில் கலக்கிறார்கள் என்று ஊரே பேசியதே ஃபார்மலின், அது இதே ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்ததுதான். மீனில் இருக்கலாம் என்றதும் மீனையே வாங்காமல் இருந்தோம். டப்பாவில் ‘ஃபார்மால்டிஹைட் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால், செய்யும்போது சேர்க்கவில்லை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பசை சிதையும்போது வராது என்பதற்கு அந்த வரி உத்தரவாதம் ஆகாது. ஜப்பானில், இமைமுடி நீட்டிப்பால் கண் கெட்டு மருத்துவரிடம் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருவிழியிலும் வெண்படலத்திலும் அழற்சி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இமையில் ஒவ்வாமை. சோதித்த பசைகளில் ஃபார்மால்டிஹைட் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெளியே, பணம் கொடுத்துச் செய்துகொண்டவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

‘அந்தப் பசையை டாக்டர்களே கண்ணில் வைக்கிறார்களாமே’ என்று ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. உண்மைதான், வைக்கிறார்கள். கருவிழியில் சின்னதாக ஓட்டை விழுந்துவிட்டால் அதை அடைக்க, இந்தக் குடும்பத்திலேயே மருத்துவத்துக்கென்று தயாரித்த பசை உண்டு. ஆனால் அதை வைப்பதற்கு முன்னால் கண்ணை மரக்க வைத்து, அந்த இடத்தை ஈரம் போக ஒற்றி எடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டு, ஊசி முனை அளவு வைப்பார்கள். வைத்து முடித்ததும், இறுகிய பசை இமையைக் கிழிக்காமல் இருக்க அதன் மேல் ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் போட்டு மூடிவிடுவார்கள். இல்லையென்றால் கண்ணே போய்விடும் என்ற நிலையில் செய்கிற வேலை அது. அந்தப் பெண் புரிந்துகொண்டாள். நான் இதை எழுதுவதற்கு அவளும் ஒரு காரணம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் விவரம் கேட்கிறார்கள். நாம் விவரம் சொல்வதில்லை, அதட்டுகிறோம்.

சில மாதங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். யார் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். ஒரு வீட்டில் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் ராத்திரி, பி.காம். படிக்கிற தங்கை எல்லாரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கண் ஒருவாறு முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு வரும்போது கை மாற்றிப் பிடித்ததில் பசை அதிகமாகி வழிந்து, கண் எரிந்ததும் இறுக்கி மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொண்டன. அம்மாவிடம் சொல்லப் பயந்து ஒரு மணி நேரம் பாத்ரூமிலேயே நின்றிருக்கிறாள். அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் வீடு விழித்தது.

“அக்கா, கொஞ்சம் வாங்களேன், பிள்ளைக்குக் கண்ணு ஒட்டிக்கிச்சு” என்று அவளுடைய அம்மா வந்து நின்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நான் போவதற்குள் விளக்கெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பாட்டி ஒரு பக்கம், தாய்ப்பால் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு பையன் செல்போனைப் பார்த்துவிட்டு, இந்தப் பசையைக் கரைக்க நெயில் பாலிஷ் ரிமூவர்தான் சரி என்று பாட்டிலோடு நின்றான். நல்லவேளை, அதைத் திறக்கவில்லை. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் விரலில் ஒட்டிய பசையைக் கரைக்கும் என்பது உண்மை. கண்ணில் பட்டால் கருவிழியின் மேல் தோலையே அது பொசுக்கிவிடும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் படித்த இடத்தில் விரலுக்குச் சொன்னதா கண்ணுக்குச் சொன்னதா என்று இல்லை.

வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். இழுக்கவோ பிரிக்கவோ யாரையும் விடவில்லை. அந்த நேரத்திலேயே மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒட்டிக்கொண்ட முடிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கண்ணைத் திறந்தார். மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது, தோல் உரிந்த இடமெல்லாம் கருவிழியில் பச்சையாக மின்னியது. மேல் இமையைத் திருப்பினால் உள்ளே கடுகில் பாதி அளவுக்கு இறுகிய பசைத் துண்டு. அதை எடுத்து, களிம்பு போட்டு அனுப்பினார்கள். நிச்சயதார்த்தம் நடக்கும்போது அந்தப் பிள்ளை உள் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தது. புண் சில நாளில் ஆறியது. வெட்டிய முடி வளர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பார்வைக்குக் குறை இல்லை.

அவள் தப்பித்ததற்குக் காரணம் அந்த ராத்திரியே டாக்டரைப் பார்த்தது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த மண்ணுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. கருவிழிப் புண் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1990-களில் மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, ஓர் ஆண்டில் லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. 1997-இல் மதுரையிலிருந்து வெளிவந்த இன்னோர் ஆய்வில், கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சை இருந்தது. வெயிலும் ஈரமும் வயல் தூசியும் இருக்கிற ஊரில் பூஞ்சை எங்கும் இருக்கும். கண்ணில் ஒரு கீறல் விழுந்து வாசல் திறந்துவிட்டால் உள்ளே நுழையக் காத்திருக்கும். பூஞ்சைப் புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டிவரும், தொடக்கத்தில் மணிக்கு ஒரு தரம்கூட. ஆறினாலும் வெள்ளையாகத் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் இருந்தால் பார்வை போனது போனதுதான், கருவிழி மாற்று அறுவைதான் வழி. வேறு ஏதோ ஊரில் யாரோ வீடியோவில் “எனக்கு லேசாக எரிந்தது, மறுநாள் சரியாகிவிட்டது” என்று சொல்வதைத் திருமங்கலத்துப் பெண் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இதில்தான் எங்கள் கைவைத்தியமும் மருந்துக் கடையும் கெடுக்கின்றன. தாய்ப்பால், வெங்காயச் சாறு, நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய் என்று புண்ணில் போடுகிற ஒவ்வொன்றும் கிருமிக்கு இடம் கொடுப்பதுதான். அன்பாகத்தான் போடுகிறார்கள், தெரியும். நான் எத்தனையோ பாட்டிமார்களோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அதைவிட மோசம், கடையில் போய்க் “கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க” என்று கேட்டு வாங்குவது. சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிற மருந்தில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு குறையும், வலி அடங்கும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அடியில் பூஞ்சை இருந்தால் அந்த மருந்தின் தயவில் நன்றாகப் பரவும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, பக்கவாட்டுப் பார்வை சத்தமில்லாமல் போய்விடும். வலி தெரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஒரு தடவை விடுகிற மரப்பு மருந்தையும் வீட்டுக்குக் கேட்கக் கூடாது. அதைத் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறவே ஆறாது.

விபத்து எதுவும் நடக்காமல் ஒட்டி முடித்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தடவை ஒன்றுமே ஆகாமல் இருந்துவிட்டு, அடுத்த தடவை இமை ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒவ்வாமையின் குணமே அதுதான். உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளும், அப்புறம் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து எதிர்க்கும். ஆகவே “போன தடவை போட்டேனே” என்பது சாட்சி ஆகாது. ஒருமுறை அப்படி வந்துவிட்டால், பின்னால் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம். தையலுக்குப் பதில் தோலை ஒட்டுகிற பசையும் இதே வகைதான்.

வீட்டில் ஒட்டுவதற்கென்று விற்கிற செட்டுகளில் பெரும்பாலும் கொத்துக் கொத்தான முடிகள்தான். ஒற்றை முடியில் ஒற்றை முடி என்ற கணக்கே அங்கே கிடையாது. ஒரு கொத்து, நான்கைந்து இயற்கை முடிகளைச் சேர்த்து ஒட்டிவிடும். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில் இருப்பவை, ஒன்று உதிரும் பருவத்தில் இருக்கும், ஒன்று இப்போதுதான் முளைத்திருக்கும். உதிர வேண்டியது உதிர முடியாமல், பக்கத்தில் இருப்பதையும் வேரோடு இழுக்கும். திரும்பத் திரும்ப இழுபட்டால் சில வேர்களில் முடி முளைப்பதே நின்றுபோகும். அத்தோடு, ஒட்டியது விழுந்துவிடுமோ என்று முகத்தைச் சரியாகக் கழுவ மாட்டார்கள். பொடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் இமையோரத்தில் சேர்ந்து அரிப்பு, கண்கட்டி என்று தொடரும்.

இமைமுடி எதற்கு இருக்கிறது என்பதைப் பற்றி 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடியை அளந்ததில், கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் பொதுவாக இருந்தது. அந்த நீளத்தில் இருக்கும்போதுதான் காற்றும் தூசியும் விழியில் மிகக் குறைவாகப் படுகின்றன. அதைவிட நீண்டால் காற்றை விழியின் பக்கமே திருப்பிவிடுகிறது, கண் சீக்கிரம் உலர்கிறது. நாள் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டரைப் பார்க்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் அலங்காரத்துக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பரத நாட்டியப் பிள்ளைகள் மேடைக்குப் போட்டுக்கொள்கிற பட்டை இமைமுடி வேறு. அதன் பசை வேறு வகை, நிகழ்ச்சி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதிலும் ரப்பர் பால் கலந்த பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பார்த்துத்தான் போட வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் நிற்கிற நீட்டிப்போடு அதைச் சேர்த்துப் பேச முடியாது. கல்யாணத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் என்ன தப்பு? அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த மலிவு செட்டை வாங்குகிறார்கள். ‘உனக்கு எதுக்குடி இதெல்லாம்’ என்று திட்டுகிற வீடுகளில்தான் ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் செய்கிறார்கள். கண் எரிந்தாலும் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைக்கிற அந்த ஒரு நாள் இரண்டு நாளில்தான் சின்னப் புண் பெரிய புண்ணாகிறது. பெற்றோர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

அந்த நிச்சயதார்த்த வீட்டில் அந்தப் பசை டப்பாவை வாங்கிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. நம்மால் படிக்க முடியாத எழுத்தில் ஏதோ இரண்டு வரி, ஒரு பூப் படம். நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. 2020-இல் அழகுப் பொருட்களுக்கென்று தனி விதிகளும் வந்துவிட்டன. அதன்படி, வெளிநாட்டிலிருந்து வருகிற அழகுப் பொருளைப் பதிவு செய்யாமல் இறக்குமதி செய்து விற்கக் கூடாது. பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத டப்பா ஒரு மாணவியின் கைக்கு மூன்றே நாளில் வீடு தேடி வருகிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளைச் சோதிப்பதுபோல் இந்த ஆன்லைன் சரக்கையும் சோதிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் கேட்பார்கள். என்னைப் போன்ற ஒருத்தி மனு கொடுத்தால் அது போகிற இடம் எனக்குத் தெரியும்.

மற்ற நாடுகள் இதில் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ‘லாஷ் லூர்’ என்று ஓர் இமைமுடிச் சாயம் விற்றது. அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். அப்போது அழகுப் பொருட்களைத் தடுக்க அரசிடம் சட்டமே இல்லை. அந்தப் பெண்களின் படங்களை அதிகாரிகள் கண்காட்சியாக வைத்துக் காட்டினார்கள். 1938-இல்தான் சட்டம் வந்தது. ஜப்பானில், இமைமுடி நீட்டிப்பு அழகுக்கலைஞர் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய தொழில் என்று 2008-இலேயே அரசு அறிவித்துவிட்டது. நம் ஊரில் பார்லர்களிலேயே அப்படி ஒரு கட்டாயம் நடைமுறையில் இல்லை. அதனால் பார்லரில் செய்தால் பயமில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கே பயிற்சி பெற்றார்கள், ட்வீசரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், பசையின் உறையைக் காட்டுவார்களா என்று கேட்க வேண்டும். முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ காதுக்குப் பின்னால் துளி பசை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். கண்ணில் ஏற்கெனவே கண்கட்டியோ சிவப்போ அரிப்போ இருப்பவர்களும், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக, உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தக் குறிப்பு வந்த அதே மகளிர் பக்கத்தில், அதே அளவு இடத்தில், கண் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு மறு குறிப்பு வெளியிடுங்கள். உள்பக்கத்தில் மூலையில் ‘திருத்தம்’ என்று போட்டால் அதைப் படித்தவர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள். அதில் மற்றதெல்லாம் சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, பசை பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். கசக்கக் கூடாது, இமையைப் பிரித்து இழுக்கக் கூடாது, பஞ்சால் துடைக்கக் கூடாது, ரிமூவர் எதையும் ஊற்றக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்து, அது தானாக வழுக்கி வந்தால் எடுத்துவிடலாம். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் மணி நேரமாவது மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று படுத்துவிடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், பசை டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ராத்திரி நேரம், வண்டி இல்லை என்றால் 108-க்குக் கூப்பிடத் தயங்க வேண்டாம். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.